கொண்டைக் கிளியும் கொஞ்சம் பொறுமையும்

கிளி என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தனி வாஞ்சை. மதுரையிலே மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரிலே ஆண்டாளின் இடது கையில் கிளி. அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளியைத் தினந்தோறும் புதிதாகச் செய்கிறார்கள்: மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு. கோலத்தில் கிளி, புடவைக் கரையில் கிளி, தாலாட்டில் கிளி. குழந்தை மழலை பேசினால் "கிளி கொஞ்சுகிறது" என்கிறோம். இத்தனை பிரியம் நாம் வைத்திருக்கிறோமே, அந்தக் கிளிக்கு நம்மிடம் பிரியம் உண்டா என்று யாராவது கேட்டதுண்டா?

கேட்க வேண்டிய கேள்விதான் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு சாம்பல் நிறக் கொண்டைக் கிளி. அதன் பெயர் பொட்டு. அது எங்களிடம் வந்து சேர்ந்த இடம், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம்.

சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரிமேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டினால், மணலும் சவுக்கும் படகுகளுமாக மீனவர் குப்பங்கள். கலங்கரை விளக்கம் நிற்கும் குப்பத்துக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. என் கணவருக்கு, நண்டும் இறாலும் வாங்கி அனுப்பும் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. அதனால் புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்த நான், கடற்காற்றில் தலைமுடி பிசுபிசுக்க, இந்த ஊரில் குடித்தனம் வைத்தேன். அவர் விடியற்காலையில் தராசடிக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். பேச்சுத் துணைக்கு ஒரு கிளி வளர்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் சொன்னேன். "அதுக்கென்னா கண்ணு! பனமரத்துப் பொந்துல குஞ்சு இருக்கும். பசங்களப் புடிச்சாரச் சொல்லட்டா?" என்றாள்.

"வேண்டவே வேண்டாம்" என்று குறுக்கிட்டார் என் கணவர். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைவாசமும் உண்டு, அபராதமும் உண்டு. அந்தக் காலத்தில் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் கிளிக்கூண்டு தொங்கியதே என்று இன்று நாம் சொல்ல முடியாது. பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளில் எத்தனை வழியிலேயே செத்தன என்று அந்தத் தாழ்வாரத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் காக்டீல் என்ற கொண்டைக் கிளியை வளர்க்கத் தடை இல்லை. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. இங்கே பல தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்து வருகிற ஜாதி. (வேறு சில அயல்நாட்டுக் கிளிகளுக்கு அரசாங்கத்திடம் பதிவு செய்து கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் விசாரித்துக் கொள்வது நல்லது.) ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், நூறு கிராமுக்கும் குறைவான எடை. கன்னத்தில் இரண்டு பக்கமும் குங்குமத்தைக் கரைத்து வைத்தாற்போல ஓர் ஆரஞ்சு வட்டம். நன்றாகப் பார்த்துக் கொண்டால் பதினைந்து வருஷம், அதற்கு மேலும் இருக்கும். அதாவது, தொடக்கப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை கூட இருக்கும்.

அம்பத்தூரில் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் மொட்டைமாடியில் இவற்றை வளர்க்கிறார். 2023 ஏப்ரலில், மூன்று மாதக் குஞ்சு ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

"கடையில் விற்கிறார்களே, தோளில் ஏறி உட்காரும் குஞ்சு, அது வேறே. கண் திறந்து கொஞ்ச நாளில் தாயிடமிருந்து எடுத்து, கூழ் கரைத்துக் கையால் ஊட்டி வளர்த்தது. அதற்கு மனுஷன்தான் அம்மா. இது அப்படி அல்ல. அப்பனும் அம்மாவும் ஊட்டி வளர்ந்த பிள்ளை. கையைக் கண்டால் பயப்படும். ஆறு மாதம் ஆனாலும் ஆகும். பொறுமை இருந்தால் கொண்டு போங்கள் அம்மா."

"அப்படியானால் நீங்களும் கையால் ஊட்டி வளர்த்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் மாடிக்கு அழைத்துப் போய் ஒரு கூண்டைக் காட்டினார். பகல் நேரம், ஆண் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இரவானால் பெண் உட்காருமாம். சுமார் மூன்று வாரம் இப்படி முறை வைத்து அடை காத்து, பிறகு இரண்டும் மாறி மாறி ஊட்டுகின்றன. "இவ்வளவு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்களிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குவதற்கு எனக்குக் கை வரவில்லை" என்றார். அதோடு, கூழ் சூடு கூடினால் குஞ்சின் தொண்டைப்பை வெந்து போகும், ஆறினால் செரிக்காமல் கெட்டுப் போகும், பழக்கமில்லாதவர்கள் ஊட்டினால் மூச்சுக்குழலில் ஏறிவிடும் என்றும் விளக்கினார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையான சமாசாரம். பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் போக மாட்டார்கள். அந்த டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள். அவர்களுடைய ஹாலந்து தேசத்தில் 2014 ஜூலை முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கிளிக்குஞ்சு தானாகத் தின்னும் பருவம் வருவதற்குள், கையால் ஊட்டி வளர்ப்பதற்காக அதைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது! கலிபோர்னியாவில் டேவிஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அமேசான் கிளிக்குஞ்சுகளைத் தாய் தகப்பனிடமே விட்டுவிட்டு, அவ்வப்போது சற்று நேரம் மட்டும் மெதுவாகக் கையில் எடுத்துப் பழக்கினார்கள். அப்படி வளர்ந்தவை மனிதரிடம் பயமில்லாமல் இருந்தன. சிநேகம் வேண்டும் என்பதற்காகக் குஞ்சை அநாதையாக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

நம் குஞ்சுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. அது எங்கள் வீட்டுக்குள் வந்த அன்று, கொண்டையை ஈட்டி மாதிரி நிமிர்த்திக்கொண்டு, கூண்டின் கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. யார் பக்கத்தில் போனாலும் பாம்பு சீறுவது போல ஒரு சீறல்.

சிநேகிதர் சொன்ன முதல் பாடம்: ஒன்றும் செய்யாதே! கூண்டின் ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருமோ என்று பறவை தவிக்கும். தரையிலும் வேண்டாம், உத்தரத்திலும் வேண்டாம், நம் மார்பு உயரத்தில் இருக்கட்டும். அதை உற்றுப் பார்க்கக் கூடாது. முன்பக்கமாக இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பது பூனையின் வேலை, ஆந்தையின் வேலை. கை ஒருபோதும் மேலிருந்து கீழே வரக் கூடாது. பழவேற்காட்டு வானத்தில் செம்பருந்து வட்டமிடுவதைப் பார்த்தால் காரணம் புரியும். மேலிருந்து இறங்கும் எதுவும் பறவைக்குப் பருந்துதான்.

ஆகவே நான் தினமும் கூண்டிலிருந்து ஆறடி தள்ளிப் பாயைப் போட்டு, கீரை ஆய்ந்தேன், பூத் தொடுத்தேன், தொடர்கதையை வாய்விட்டுப் படித்தேன். கூண்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தினையைப் போட்டுவிட்டு, நிற்காமல் நடந்து விடுவேன். இந்த மனுஷி வந்தால் நல்லதுதான் நடக்கிறது, வந்த வேகத்தில் போயும் விடுகிறாள் என்று அதற்குப் படவேண்டும் என்பது திட்டம்.

இதைப் பார்த்த ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா கண்ணு, பறவையக் கூண்டுல வெச்சுட்டு நீ வெளிய குந்திக்கினு தவம் கெடக்கிற?" என்றாள். அப்புறம் அவளே, "அதுவும் சரிதான். ஏரில பாட்டுக்குப் போறவன் அவன் மொறை வர வரைக்கும் காத்துக்கினுதான இருக்கணும்" என்று சமாதானமும் சொன்னாள். ஏரியில் நல்ல இடங்களில் வலை கட்டுவதற்குப் "பாடு" என்று ஒரு முறை இருக்கிறது. இன்ன இடம், இன்ன நாள், இன்னாருக்கு என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்டு முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். அவசரப்பட்டு அடுத்தவன் முறையில் வலை இறக்கினால் ஊரே கேட்கும்.

ஆயாவின் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது. ஒன்பது வயது. ஆயாவின் பேத்தி. தகப்பன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். தாய் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து விடுதியில் தங்கியிருந்தாள். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். குழந்தை யாரிடமும் அதிகம் பேசாது. என்னிடமும் பேசவில்லை. ஆனால் மறுநாள் வந்தது, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தது, என்னோடு சேர்ந்து கூண்டைப் பார்க்காமல் பார்த்தது. நாலாம் நாள், தானாகவே முதல் வார்த்தை பேசிற்று.

"யக்கா, அது கன்னத்துல பொட்டு வெச்சிருக்குது."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் பொட்டு.

இரவுகளில் ஒரு தொல்லை இருந்தது. இந்த ஜாதிப் பறவைக்கு இருட்டில் திடீரென்று பயம் பிடிக்கும். ஒரு பல்லி ஓடினாலும் போதும், படபடவென்று கூண்டில் மோதி இறக்கையை உடைத்துக் கொள்ளும். கலங்கரை விளக்கின் வெளிச்சம் எங்கள் கூரைக்கு வெகு உயரத்தில் கடலைப் பார்த்துப் போய்விடும், அதனால் தொந்தரவில்லை. சந்தில் போகும் மோட்டார் சைக்கிள் விளக்கும், கல்யாணம் சாவு எதற்கும் வெடிக்கும் பட்டாசும்தான் பொல்லாதவை. கூண்டுக்குச் சற்றுத் தூரத்தில் ஒரு விடிவிளக்கைப் போட்டு வைத்தேன். பறவைக்கு எங்கே கிளை, எங்கே கம்பி என்று தெரிந்தது. பயம் குறைந்தது.

மே மாதத்தில் என் கணவர் பொறுமை இழந்தார். "ஒரு மாதமாகக் கீரை ஆய்கிறாய். ஒரு தரம் பிடித்துத் தடவிக் கொடுத்தால் பயம் தெளிந்துவிடும்" என்று சொல்லி, நான் கிணற்றடியில் இருந்த நேரமாகப் பார்த்து, துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்துவிட்டார். பொட்டு அவர் கட்டை விரலைப் பதம் பார்த்தது. இரண்டு வால் இறகு கையோடு வந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம், என்னைக் கண்டாலும் கோடிக்கு ஓடியது. ஆறடியிலிருந்து நாலடிக்கு வந்திருந்த என் பாய், எட்டடிக்குப் போயிற்று. குழந்தை மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலில் கட்டோடு, "நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் மனுஷர்.

மறுபடி ஆரம்பித்தோம். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நின்று கிளிகளை ஓட்டினாள் என்பது நாம் அறிந்த கதை. நான் தினைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, கிளியே வா என்று உட்கார்ந்திருந்தேன்! அந்தக் கதிர் என் கையில் மட்டுமே கிடைக்கும், கிண்ணத்தில் கிடைக்காது. பட்டினி போட்டுப் பணிய வைப்பது பாவம். ஆகவே கிண்ணத்தில் கம்பு, சாமை, முருங்கைக் கீரை, கொத்தமல்லி எல்லாம் வழக்கம்போல் இருக்கும். கதிர் மட்டும் பட்சணம்.

முதலில் நீளக் கதிரின் நுனியைக் கம்பிக்குள் நீட்டினேன். கொண்டை நிமிர்ந்தால் அங்கேயே நிறுத்திக் கொள்வேன். கொண்டை தலையோடு ஒட்டிச் சீறினால், கதிரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போய் விடுவேன். இதுதான் முக்கியமான ரகசியம் என்று இப்போது சொல்வேன். "வேண்டாம்" என்று அது சொன்னால் நாம் கேட்கிறோம் என்பது தெரிந்த பிறகுதான், அது "சரி" என்று சொல்லத் துணிகிறது. ஐந்து நிமிஷம் காலையில், ஐந்து நிமிஷம் மாலையில். அதற்கு மேல் இல்லை. ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள், கொண்டையைப் பாதியில் தளர்த்திக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒரே ஒரு தினையைக் கொத்திக்கொண்டு ஓடியது. குழந்தை என் முழங்கையைக் கிள்ளிற்று. இரண்டு பேரும் சத்தமே போடாமல் சிரித்தோம்.

"தாயிடம் வளர்ந்த கிளி மனுஷனை நம்பவே நம்பாது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ராயப்பேட்டையில் இருந்தது. பாரதி சாலையில் காமிரா பழுது பார்க்கும் ஜோசப் சேகர் என்பவரின் மொட்டைமாடிக்கு, 2004 சுனாமிக்குப் பிறகு இரண்டு பச்சைக்கிளிகள் வந்தன. அவர் அரிசி வைத்தார். இரண்டு பத்தாகி, பத்து நூறாகி, ஆயிரக்கணக்கில் வந்தன. தம் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கை அரிசிக்குச் செலவழித்து, பல வருஷங்கள் காலையும் மாலையும் பலகைகளில் வரிசையாக வைத்தார். அத்தனையும் மரப்பொந்தில் தாய் ஊட்டி வளர்ந்த காட்டுக் கிளிகள். ஒன்றுக்கும் கூண்டு கிடையாது. நகரத்து இரைச்சலுக்கு நடுவே, ஒருவருடைய மாடியை மட்டும் நம்பி அவை இறங்கின.

ஜூலையில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தோம். இறக்கையை வெட்டவில்லை. பறக்க முடியாமல் நம்மிடம் இருப்பதும், பறக்க முடிந்தும் நம்மிடம் வருவதும் ஒன்றாகுமா? ஆனால் கதவைத் திறப்பதற்கு முன் வீட்டை ஒழுங்கு பண்ண வேண்டும். ஜன்னலுக்கு வலை. மின்விசிறி நிறுத்தம். நிலைக்கண்ணாடிக்குத் துணி. தண்ணீர்த் தவலைக்கு மூடி. சமையலறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். நான்-ஸ்டிக் வாணலி வைத்திருக்கும் சகோதரிகள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்: அடுப்பில் அது அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை நமக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். உப்புப் பண்டம், காபி, சாக்லேட், வெண்ணெய்ப் பழம் ஆகாது. நோய் வந்தால் பறவை வெளியே காட்டிக்கொள்ளாது. மருந்துக் கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைத்தால், இளைப்பது முன்கூட்டியே தெரியும். விளையாட்டுச் சாமானுக்கு நான் கடைக்கே போகவில்லை. பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் அழகாகக் கூடை முடைகிறார்கள். சாயம் ஏற்றாத ஓலைத் துண்டுகளை முடிந்து தொங்கவிட்டால், பொட்டு அரைநாள் கிழித்துக் கொண்டிருக்கும்.

ஆடி மாதத்தில் கதிர் குட்டையாகிக் கொண்டே வந்து, கடைசியில் உள்ளங்கையில் நாலு மணி மட்டும் இருந்தது. அதை எடுப்பதற்கு என் விரல்மேல் கால் வைத்தாக வேண்டும். ஒரு கால் வைத்தது. எடுத்தது. மறுநாள் இரண்டு காலும் வைத்தது. அந்தக் கால் எவ்வளவு வெதுவெதுப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது குழந்தையின் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மனசு சரியாக இருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ரிப்பனும் பிஸ்கட்டும் இருக்கும். "கண்ணே" என்று ஓடி வந்து அணைத்துக் கொள்ளப் பார்ப்பாள். குழந்தை வழுக்கிக்கொண்டு படகுகளுக்குப் பின்னால் ஓடிவிடும். சாயங்காலம் பஸ் ஏறும் வரை வராது. "பெத்த பொண்ணே என்னப் பாத்து ஓடுதே அக்கா! இதுக்கா நான் ராவும் பகலுமா நின்னு வேல செய்யுறேன்?" என்று அவள் என் திண்ணையில் உட்கார்ந்து அழுவாள். என்ன பதில் சொல்வது? தகப்பன் போனான், தாயும் போனாள், வந்தாலும் மறுபடி போய்விடுகிறாள். அந்தப் பிஞ்சு மனசு இன்னொரு தரம் எதை நம்பும்?

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் குழந்தையும் பாயில் உட்கார்ந்திருந்தோம். பொட்டு கூண்டின் மேல் நின்றது. தாய் உள்ளே வந்து, ஆசையாக, "வா, வா" என்று கையை நீட்டினாள். பொட்டு கொண்டையை நிமிர்த்திற்று. குழந்தை தாயைத் திரும்பிப் பார்க்காமலே, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சொன்னது:

"அதக் கூப்புடாத. சும்மா குந்து. அதுவா வரும்."

தாய் கையை மடக்கிக் கொண்டாள். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்தாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் பறவையைப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அடுத்த தடவை அவள் வந்தபோது குழந்தையைக் கூப்பிடவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்தாள். ஆயாவோடு முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்தாள். தொழிற்சாலைக் கதைகளை ஆயாவிடம் சொல்வதுபோல் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். படகுக்குப் பின்னாலிருந்த தலை, வேலிக்கு வந்தது. வேலியிலிருந்த தலை அடுத்த தடவை வாசற்படிக்கு வந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, முன்பெல்லாம் அழுகையைக் கண்டு பயந்து சொல்லாமல் நழுவுவாள். இப்போது, "இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம கழிச்சு வருவேன்" என்று கணக்காகச் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி வரவும் வந்தாள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

நவம்பரில் தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு குழந்தை வந்தது. தாய்க்கு முதுகைக் காட்டி அவள் முன்னால் உட்கார்ந்தது. தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டிற்று. அவ்வளவுதான். தாயின் கை நடுங்கியதில் வகிடு கோணலாகப் போயிற்று. ஆயா மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த மாதங்களில் பொட்டுக்கு இன்னொரு பாடமும் நடந்து கொண்டிருந்தது. கையில் தூக்கிச் செல்லும் சின்னக் கூண்டு ஒன்றை அறையில் எப்போதும் திறந்து வைத்திருந்தோம். தினைக் கதிர் சில நாள் அதற்குள் கிடக்கும். போய்த் தின்னலாம், வெளியே வரலாம். கதவை ஒருவரும் சாத்த மாட்டார்கள். பிறகு ஒரு நொடி சாத்தித் திறப்போம். பிறகு பத்து நொடி. "இது எதற்கு?" என்று கேட்டார் என் கணவர். "ஊருக்குப் போக" என்றேன்.

ஊருக்குப் போகும் நாள் புயலோடு வந்தது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கடலில் திரண்டு நின்றது. இரண்டு நாள் கழித்து அது ஆந்திராவில் பாபட்லாவுக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அன்று மழையும் காற்றும் எங்களை விரட்டின. வீடு தாழ்வான இடத்தில் இருந்தது. பாலத்தைத் தாண்டிப் பழவேற்காட்டில் தெரிந்தவர் வீட்டு மாடிக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தோம். ஆயாவும் பேத்தியும் எங்களோடு. சின்ன வேன் ஒன்று வாசலில் வந்து நின்று, "பத்து நிமிஷம்தான்" என்று ஹாரன் அடித்தது. மின்சாரம் நின்றுவிட்டது. கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து விழுந்த சத்தத்தில், பொட்டு பறந்து ஜன்னல் திரைக் கம்பியின் மேல் போய் ஒட்டிக் கொண்டது. கொண்டை நட்டமாக நின்றது. நெஞ்சு அடித்துக்கொள்வது கீழிருந்தே தெரிந்தது.

என் கணவர் துண்டை எடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேன்காரர் கத்திக் கொண்டிருந்தார்.

"துண்ட உள்ள வெய்யுங்க மாமா" என்றது குழந்தை.

சின்னக் கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்தது. கதிரை உள்ளே போட்டது. தினமும் உட்கார்வதுபோல் பாயில், அரைவட்டமாகத் திரும்பி உட்கார்ந்து, ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பாட்டை முணுமுணுத்தது. வெளியே காற்று ஊளையிட்டது. நாங்கள் மூவரும் சிலையாக நின்றோம். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷம் கொண்டை கொஞ்சம் தாழ்ந்தது. பொட்டு கம்பியிலிருந்து குழந்தையின் தோளுக்கு இறங்கியது, தோளிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து, தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்துவிட்டு, கூண்டுக்குள். குழந்தை கதவைச் சாத்தி, மேலே என் பழைய புடவையைப் போர்த்திற்று. வேனில் ஏறிய பிறகுதான் அதன் கை உதறியது.

பழவேற்காட்டு மாடியில் அந்த இரவு முழுவதும் மழை. குழந்தையின் தாய் போன் செய்தாள். முன்பெல்லாம் போனைக் கையால் தொடாத பெண், வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "நாங்க எல்லாம் நல்லா இருக்கோம். பொட்டு தானா வந்து உள்ள குந்திச்சு. நீ எப்ப வருவ?" என்றது. எதிர்ப்பக்கத்தில் என்ன பதில் வந்ததோ, எனக்குக் கேட்கவில்லை. விடிவிளக்குக்குப் பதிலாக ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பொட்டு அலகை மெல்ல அரைத்துக் கொண்டிருந்தது. தூங்கப் போகுமுன் மனநிம்மதியோடு இருக்கும் கிளி செய்யும் காரியம் அது.

திரும்பி வந்தபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. பெரிய கூண்டு கவிழ்ந்து கிடந்தது. கழுவி நிமிர்த்தினோம்.

பொட்டுக்கு இப்போது முகம் மஞ்சளாகிவிட்டது. ஆண் என்று அதிலிருந்து தெரிந்து கொண்டோம். குக்கர் விசில் மாதிரியே விசிலடித்து என்னைச் சமையலறைக்கு ஓட வைக்கிறது. குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அதற்குத் தெரியும். தாய் இன்னும் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். கடன் அடையும் வரை வேறு வழி இல்லை. ஆனால் அவள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நிற்கிறது. ஓடிப் போய்க் கட்டிக் கொள்வதில்லை. பையில் ஒரு காதை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூட நடந்து வருகிறது.

என் கணவரிடம் மட்டும் பொட்டு இன்னமும் ஒரு முழத் தூரம் வைத்திருக்கிறது. கிளிக்கு ஞாபகசக்தி அதிகம். தினம் சாயங்காலம் அவர் மடியில் தினைக் கதிரை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நினைப்பே இல்லாதவர் போல் பேப்பர் படிக்கிறார். நேற்று அது மெதுவாக வந்து பேப்பரின் மேல் விளிம்பில் உட்கார்ந்து, தலையங்கத்தை நார் நாராகக் கிழித்துப் போட்டது.

மனுஷர் மூச்சுக்கூட விடவில்லை.